85 ரூபாய்ப் பெட்டி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், சேத்துப்பட்டில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



புறநானூற்றின் 316ஆம் பாடலில் இரண்டு பொருள்கள் பணயப் பொருள்களாக அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று மறவனின் பழைய வாள், மற்றொன்று சீறியாழ். பாடியவர் மதுரைக் கள்ளிற் கடையத்தன் வெண்ணாகனார். யாழின் இனிமையைப் புகழும் சங்கப் பாடல்கள் பல உள்ளன. பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உவமைகளால் விளக்குகிறது. அத்தகைய பகுதிகளைத் துணைக்கொண்டே விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். ஆனால் யாழ் ஓர் உடைமை, அதற்கு விலை உண்டு, முட்டுப்பட்ட நாளில் அது அடகுக்கும் போகக்கூடும் என்பதை வெண்ணாகனார் பாட்டுத்தான் நினைவூட்டுகிறது. கருவியின் இசையைப் போற்றுவோர் அதன் விலையைப் பேசுவதில்லை. இல்லாதவர் வீட்டிலோ விலைதான் முதலில் பேசப்படும். தறி வாங்கக் கடன் பட்ட குடும்பங்கள் நிறைந்த ஆரணி வட்டாரத்தில் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

இவ்வுரை அவ்வாறு விலை பேசி வாங்கப்பட்ட இரண்டு கருவிகளைப் பற்றியது. ஒன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாங்கிய பேஸ் கிதார். மற்றொன்று கோயம்புத்தூரில் வாங்கிய ஹார்மோனியப் பெட்டி. இரண்டும் மலிவானவை. இரண்டுமே தம் காலத்து இசையறிஞர் பலர் பொருட்படுத்தாத வகைக் கருவிகள்.

முதலில் கிதாரின் கதை. இங்கிலாந்தின் லிவர்ப்பூல் துறைமுக நகரில் பருத்தி விற்பனைத் தொழிலில் இருந்தவர் ஜிம் மக்கார்ட்னி. மாலை வேளைகளில் சிறிய ஜாஸ் குழு ஒன்றை நடத்திய இசைக்காரரும் ஆவார். வானொலியில் பாட்டு வரும்போது, பாட்டுக்கு அடியில் ஓடும் தாழ்ந்த நாதத்தை மகனுக்குச் சுட்டிக்காட்டி, அதுதான் பேஸ் என்று காதைப் பழக்கியவர் அவர். மகன் பாலுக்குத் தந்தை வாங்கித் தந்தது டிரம்பெட். ஊதிக்கொண்டே பாட முடியாது என்று கண்ட மகன் அதை மாற்றி 15 பவுன் விலையுள்ள ஒரு கிதாரைப் பெற்றார். இடக்கைப் பழக்கமுள்ளவராதலால் அதை வாசிக்க இயலவில்லை. பின்னர் ஒரு பாடகர் கிதாரைத் திருப்பிப் பிடித்திருக்கும் படத்தைக் கண்டு, தந்திகளைத் தலைகீழாக மாற்றிக் கட்டிக்கொண்டார்.

1961இல் ஹாம்பர்க் விடுதிகளில் இரவு முழுதும் வாசித்த பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த நண்பர் ஓவியம் பயிலப் பிரிந்து சென்றார். அந்த இடத்தில் நிற்க வேறு எவரும் விரும்பாமையால் பால் மக்கார்ட்னி நின்றார். அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் பேஸ் கிதார்தான் அன்று உயர்ந்ததாகக் கருதப்பட்டது. அதன் விலை 100 பவுனை ஒட்டியது. அவ்வளவு பணம் இல்லை. கடையில் வயலின் வடிவில், உள்கூடாக, எடை குறைந்ததாக ஒரு கருவி இருந்தது. ஜெர்மன் நிறுவனமான ஹாஃப்னர் செய்தது. விலை ஏறத்தாழ 30 பவுன். இருபுறமும் ஒத்த வடிவுடையது ஆகையால் இடக்கைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தோன்றாது. மலிவும் அந்தச் சமச்சீர் வடிவுமே அதைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் என அவரே பலமுறை கூறியுள்ளார். பிற்காலத்தில் உலகெங்கும் இளைஞர் விலை கொடுத்துத் தேடிய அந்த வயலின் வடிவம், வேறொன்றை வாங்க வழியில்லாத ஒருவரின் தேர்வு.

1972இல் இலண்டனில், நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து அந்தக் கிதார் களவு போயிற்று. 2024 பிப்ரவரியில், ஏறத்தாழ 51 ஆண்டுகளுக்குப் பின், அது உரியவரிடம் திரும்பிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ விலையுயர்ந்த கருவிகள் அவர் கைக்கு வந்திருக்கும். ஆயினும் ஆர்வலர் சிலர் ஆண்டுக்கணக்கில் தேடியது அந்த 30 பவுன் கருவியையே.

இனி இங்குள்ள கதை.

தேனி மாவட்டப் பண்ணைப்புரத்தில், 1943இல் பிறந்த ஞானதேசிகன் என்னும் ராசையாவின் வீட்டில் ஒரு ஹார்மோனியம் இருந்தது. அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கோயம்புத்தூரில் 85 ரூபாய்க்கு வாங்கியது அது. இளையராஜா என்ற பெயரோடு உலகறிந்த பின்னும் அவர் மேடைகளில் இந்த விலையைச் சொல்லத் தவறியதில்லை. அதனோடு மற்றொன்றையும் சொல்வார்: அண்ணனுடைய பெட்டியைத் தம்பிகள் தொடக்கூடாது, தொட்டால் கையில் பிரம்படி விழும். அண்ணன் வெளியே சென்ற வேளைகளில் தொட்டுத் தொட்டுப் பழகியதே அவருடைய முதற்பாடம்.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் பெரும்பாலும் அண்ணனைக் கடுமையானவராகவும் தம்பியைத் தெய்வக் குழந்தையாகவும் ஆக்கிவிடுகின்றனர். இது முறையன்று. வரதராஜன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். கேரளத்தில் 1957இல் அமைந்த ஈ.எம்.எஸ். ஆட்சிக்குப் பெரும் சோதனையாக வந்தது 1958ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தல். தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் நிறைந்த அத்தொகுதியில் ஊர் ஊராகப் பாடி வாக்குக் கேட்டவர் அவர். மக்கள் நன்கறிந்த மெட்டில் புதிய சொற்களை இட்டு, அன்றன்றைய அரசியலை அன்றன்றே பாட்டாக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. அப்படிப்பட்டவருக்குப் பெட்டி என்பது உழவனுக்கு ஏர் போன்றது. ஹார்மோனியத்தின் உள்ளே வரிசையாகப் பதித்திருக்கும் பித்தளை நாக்குகள் மெல்லியவை. தூசி அடைத்தாலும் ஒன்று பிளந்தாலும் அந்தச் சுரம் ஊமையாகிவிடும். துருத்தியின் தோல் கிழிந்தால் பெட்டியே மூச்சிழக்கும். மறுநாள் கச்சேரி இருக்கையில் சிறுவர் கைக்கு அதை எவர் கொடுப்பார்? அந்தப் பிரம்படியில் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு இருந்தது.

வரதராஜனைப் பற்றி இன்னொன்றும் சொல்லுதல் தகும். பெட்டியை முன்வைத்துப் பாடிய இத்தகைய மேடைக் கவிஞர்களுக்கு நம் இலக்கிய வரலாறுகள் ஒதுக்கும் இடம் மிகச் சிறிது. அச்சேறாத பாட்டு பாட்டன்று என்ற எண்ணம் கல்வித்துறையில் இன்னும் முற்றும் நீங்கவில்லை. பாணர் மரபைப் பாடமாக நடத்துவோர், அதே மரபு டீக்கடை முகப்பிலும் தேர்தல் மேடையிலும் பாடியபோது குறிப்பெடுக்கத் தவறினர்.

ஹார்மோனியத்துக்கும் மதிப்பில்லாத காலம் அது. 1842இல் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் உரிமம் பெற்ற கருவி அது. ஐரோப்பாவில் நாற்காலியில் அமர்ந்து காலால் மிதித்து வாசிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், தரையில் அமர்ந்து கையால் துருத்தி இழுத்து வாசிக்கும் சிறு பெட்டியாக அதனை உருமாற்றிப் பரப்பினார். தமிழ் நாடக மேடை அதனைத் தழுவிக்கொண்டது. எஸ்.ஜி.கிட்டப்பா பாட, அவர் தமையனார் காசி ஐயர் ஹார்மோனியம் வாசித்த காலத்தைப் பெரியோர் பெருமையோடு நினைவுகூர்வர். ஒலிபெருக்கி இல்லாத நாளில், ஊர்த் திடலின் கடைசி வரிசைவரை பாடகருக்குச் சுருதி காட்டிய துணை அதுவே.

ஆனால் இசையறிந்தோர் பலர் அதனை வெறுத்தனர். பாரதியார் தம் ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் ஹார்மோனியத்தைக் கடுமையாகச் சாடியுள்ளார். தாகூரும் அதன் எதிரி. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலும் இல்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் பிறவாது. தோடியின் அசைவைப் பெட்டியில் காட்ட முயன்றால் படிக்கட்டில் ஆறு ஓடுவது போலிருக்கும். 1940 மார்ச்சு முதல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கி வைத்தது. அந்தத் தடை தளர்ந்தது 1971இல்.

தடையால் என்ன நிகழ்ந்தது என்று பார்த்தால் வியப்பாக உள்ளது. வானொலி நுழையவிடாத பெட்டி, நம் மொழிக்குள் நுழைந்துவிட்டது. ‘ஐந்தரைக் கட்டைச் சுருதி’ என்கிறோம். ‘எட்டுக் கட்டைக் குரல்’ என்று புகழ்கிறோம். இந்தக் கட்டை எது? ஹார்மோனியத்தின் விரற்கட்டையே. வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என எண்ணி, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை அரை என்று வழங்கினர். ஆகவேதான் நாலரைக் கட்டை உண்டு, மூன்றரைக் கட்டை இல்லை. மூன்றாம் நான்காம் வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஹார்மோனியத்தை வெறுத்த வித்துவானும் தம் சுருதியைச் சொல்ல ஹார்மோனியத்தின் சொல்லையே நாட வேண்டியதாயிற்று. கலைச்சொல் ஆக்கக் குழு எதுவும் கூடாமலே பிறந்து நிலைத்த சொல் இது என்பதைத் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

ராசையா தம் 14ஆம் வயதில் அண்ணனின் குழுவோடு ஊர் சுற்றத் தொடங்கினார். முதலில் பெண் குரலில் பாடும் சிறுவன். குரல் உடைந்த பின் பெட்டி வாசிப்பவர். தொடக்கூடாது என்றிருந்த பெட்டி, குரல் போன இடத்தை நிரப்புவதற்காகவே கைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகள் தென்னாடெங்கும் கச்சேரிகள். பின்னர் 1968ஐ ஒட்டிச் சென்னைக்குப் புறப்படும்போது கையில் காசில்லை. தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று, ஒரு ரூபாயும் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அவ்வளவையும் பிள்ளைகளிடம் கொடுத்தார். இளையராஜா பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்த செய்தி இது. இரு பெட்டிகளும் அந்த வீட்டில் இருந்தன. ஒன்று 85 ரூபாய். மற்றொன்று 400 ரூபாய். விலையுயர்ந்த பெட்டி விற்கப்பட்டது. அந்த ஆண்டில் ஹார்மோனியத்துக்கு வானொலியின் கதவு இன்னும் திறக்கவில்லை என்பதையும் நினைவிற்கொண்டால், சின்னத்தாயம்மாள் எதை விற்று எதை வைத்துக்கொண்டார் என்பது தனிப்பொருள் பெறுகிறது. அவர் அவ்வாறெல்லாம் எண்ணியிருக்க மாட்டார். எது விலைபோகும் என்பதே அவர் எதிரில் இருந்த வினா.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் வாய்த்தார். மேலைச் செவ்வியல் இசையையும், அதனை எழுதும் குறிமுறையையும், பியானோவையும் அவர் கற்பித்தார். ராசையாவை ‘ராஜா’ என்று அழைக்கத் தொடங்கியவரும் அவரே. ஹார்மோனியக்காரர் ஒருவர் பியானோவின் முன் அமர்ந்தால் நேரும் மாற்றத்தை இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். தரையில் வைத்து வாசிக்கும் ஹார்மோனியத்தில் வாசிப்பவருக்கு ஒரு கைதான் உண்டு. வலக்கை கட்டைகளில் ஓட, இடக்கை துருத்தியை இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இடக்கை மூச்சு கொடுக்கும், பாடாது. பியானோவில் துருத்தி இல்லை. இடக்கைக்கு விடுதலை. விடுதலை பெற்ற இடக்கைக்கு அங்கே காத்திருக்கும் பகுதி எது? தாழ்ந்த சுரங்கள், அதாவது பேஸ்.

85 ரூபாய்ப் பெட்டி கொடுக்க இயலாமற்போனது அது ஒன்றே எனலாம். மெட்டைக் கொடுத்தது, சுருதியைக் கொடுத்தது, கூட்டத்தின் முகம் பார்த்துப் பாட்டை மாற்றும் விரைவைக் கொடுத்தது. அடியில் நடக்கும் இரண்டாவது பாட்டை அதனால் கொடுக்க முடியவில்லை. பத்தாண்டுக் காலம் துருத்தி இழுத்த இடக்கையின் பசிதான் பின்னாளில் அவருடைய பேஸ் கிதார் வரிகளாக வெளிப்பட்டதோ என்று கருத இடமுண்டு. இதனை மெய்ப்பிக்கச் சான்று கேட்டால், பாடல்களைத் தவிர வேறு சான்று இல்லை.

அவர் கிதாரையும் முறையாகப் பயின்றவர். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் செவ்வியல் கிதாருக்காகத் தங்கப் பதக்கம் பெற்றார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார். சலீல் சவுத்ரியின் குழுவில் கிதார் வாசித்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அதன்பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. அவற்றை விரைந்து கடந்துவிடலாம்.

கடக்கக் கூடாதது பேஸ் ஒன்றே. பேஸ் கிதாருக்கு வழக்கமாக நான்கு தந்திகள். கிதாரின் தடித்த நான்கு தந்திகளைவிட ஒரு தாயி தாழ்ந்து ஒலிப்பவை. வழக்கமான திரைப்பாட்டில் இதன் வேலை எளியது: சுரக்கூட்டின் அடிச்சுரத்தைத் தாளத்தோடு ஊன்றிக்கொண்டு போதல். நாற்காலியின் கால் போல. இளையராஜா பாடல்களில், குறிப்பாக 1980ஐ ஒட்டிய ஆண்டுகளின் பாடல்களில், அது எழுந்து நடக்கத் தொடங்கியது. பாடகர் ஏறும்போது இறங்குகிறது. அவர் மூச்செடுக்கும் இடைவெளியில் ஒரு சொல் பேசுகிறது. பல்லவியில் சொன்னதைச் சரணத்தில் வேறு விதமாகச் சொல்கிறது. ‘நிழல்கள்’ (1980), ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) ஆகிய படங்களின் பாடல்களைக் குரலை மறந்து, தாழ்ந்த நாதத்தை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பார்க்கலாம். தனியே பாடத்தக்க வேறொரு பாட்டு அடியில் ஓடிக்கொண்டிருப்பது புலனாகும். இவை வாசிப்பவர் அவ்வப்போது கற்பனை செய்தவை அல்ல. ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தாமே குறிமுறையில் எழுதிக் கொடுப்பது இளையராஜாவின் முறை. அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் விரல்களில்தான் அந்த வரிகள் பலவும் உயிர் பெற்றன. பாடகர் பெயரும் கவிஞர் பெயரும் ஒலிநாடாவின் உறையில் இருந்தன. பேஸ் வாசித்தவர் பெயரைக் கேட்டறிந்தோர் சிலரே.

சேத்துப்பட்டு அவையில் இதற்கு உவமை தேடி அலைய வேண்டியதில்லை. பட்டுச் சேலையை விரித்துக் காட்டும்போது கண் முதலில் காண்பது கரையின் ஜரிகையை. பிறகு உடலின் புட்டாவை. நாடா போய் வந்து நெய்வதெல்லாம் ஊடை. அந்த ஊடை ஊடுருவ இடம் தந்து, தறியின் நீளத்துக்கு விறைப்பாக நிற்பது பாவு. பாவின் இழையை வாங்குபவர் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓர் இழை அறுந்தால் நெசவாளர் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த இழையைத் தேடிப் பிடித்து முடிபோட்ட பிறகே தறியைத் தொடர்கிறார். பேஸ் வாசிக்காமல் ஒலிப்பதிவான பாடலைக் கேட்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது. ஆனால் துணி தொய்ந்திருக்கிறது என்பது காதுக்குத் தெரியும்.

மீண்டும் விலைக்கு வருவோம். மலிவான கருவியே மேதையை உருவாக்குகிறது என்று பேசுவோர் உளர். மக்கார்ட்னியின் 30 பவுனையும் இளையராஜாவின் 85 ரூபாயையும் அதற்குச் சான்றாகக் காட்டுவர். இது வறுமைக்குப் பொன்முலாம் பூசும் பேச்சு. மலிவான கருவியோடு தொடங்கி, தந்தி அறுந்தபோது மாற்றப் பணமின்றி நிறுத்திவிட்டவர்களின் பெயர்ப் பட்டியல் நம்மிடம் இல்லை. வெளிநாட்டுப் பொருள்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய 1991க்கு முந்தைய காலத்தில், நல்ல மின் கிதார் என்பது நம் இளைஞருக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. அப்படி எட்டாமல் நின்றவர்களை எந்த வரலாறும் எழுதவில்லை. ஆயினும் முதற்கருவி ஒரு வடுவை விட்டுச் செல்கிறது என்பது உண்மை. மக்கார்ட்னியின் ஹாஃப்னர் எடை குறைந்தது; கழுத்து மெல்லியது. அதில் விரல் எளிதாக ஓடியமையால்தான் பேஸில் மெட்டுகளைத் தேடும் துணிவு வந்தது என்பர். பெட்டியின் வடு வேறு வகை. அது இல்லாததன் வடு.

2025 மார்ச்சு 8ஆம் நாள், இலண்டனில், இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. மேலை நாட்டு இசைக்குழுவின் அடிநாதப் பகுதியை வாசிக்கும் ஆளுயர டபுள் பேஸ்களுக்கும் அவர் கை எழுதிய தாள்கள் சென்றன. தம் கச்சேரி மேடைகளிலோ அவர் இன்றும் ஹார்மோனியத்தின் முன் அமர்ந்து, இடக்கையால் துருத்தியை இழுத்து, வலக்கையால் முதற்சுரத்தைத் தொட்டுத்தான் தொடங்குகிறார்.

ஹாம்பர்க்கில் வாங்கிய கிதாருக்கு உரியவர் இருந்தார். கருவிதான் 51 ஆண்டுகள் காணாமற் போயிருந்தது. பண்ணைப்புரத்துப் பெட்டியின் கதை நேர்மாறானது. பெட்டி தம்பியிடம் தங்கிவிட்டது. கோயம்புத்தூருக்குச் சென்று 85 ரூபாய் எண்ணிக்கொடுத்து அதை வாங்கி வந்த பாவலர் வரதராஜன், ‘அன்னக்கிளி’ வெளிவருவதற்கு முன்பே மறைந்துவிட்டார்.